எத்திராஜ் பெயரில் என் இதயம்

"எத்திராஜ் சார், சிரிக்காதீங்க. சிரிச்சா கோடு ஆடுது."

அந்த நர்ஸ் பெண் மூன்றாவது முறையாகச் சொன்னாள். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு மேஜைகள் இரண்டை ஒட்டிப் போட்டு, மேலே பச்சைத் துணி விரித்து, என்னைச் சட்டை இல்லாமல் மல்லாத்திப் போட்டிருந்தார்கள். முந்தின நாள் பந்தியில் கொட்டிய ரசத்தின் வாசனை துணிக்கு அடியிலிருந்து வந்தது. நெஞ்சில் இ.சி.ஜி. எடுக்கும் ரப்பர் குமிழ்கள். கையிலும் காலிலும் துணி காயப்போடும் கிளிப்பு மாதிரி கவ்விகள். ஜில்லென்று ஒரு பசை விலாவில் வழிந்து கூசியது.

நான் சிரித்தது கூச்சத்துக்காக இல்லை. அவள் என்னை எத்திராஜ் என்று கூப்பிட்டதற்காக.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து பொறுத்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு என் பெயர் தெரியும். தாமோதரன். ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் அட்டை போடுகிறவன். முன்பு கையால் ஓட்டை குத்தினேன். இப்போது கம்ப்யூட்டர் குத்துகிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்கிறேன். எத்திராஜ் என் சிநேகிதன். இரண்டு தெரு தள்ளி வீடு, வீட்டுக்குள்ளேயே தறி. ஒல்லிக்குச்சி. நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால் பத்தாம் நம்பர் நடந்து வருகிறது என்பார்கள். பூஜ்ஜியம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் என் கல்யாணத்தன்று பல்செட் தொலைந்த மாமனார் கதையை எழுதியிருந்தேன். சிரித்துப் புரை ஏறியதாகப் பலர் போன் செய்தார்கள். இந்த வாரம் புரை ஏறாது.

கை மாறக் கூடாது

அன்று காலை அட்டைக்கட்டு ஒன்றைக் கொடுக்க எத்திராஜ் வீட்டுக்குப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தான். முகம் கோணியிருந்தது.

"இன்னாடா, ஹார்ட் கேம்ப்புக்குப் போவல? பதினொரு மணி வரைக்கும்தான் டாக்டர் இருப்பாராம்."

"முந்தி ஆரம்பிச்சிட்டன்டா தாமு, நாளைக்குக் குடுத்தாவணும். இப்ப எழுந்தா பேஜாரு."

முந்தி என்றால் முந்தானை. புடவையின் உடம்பை எப்படி நெய்தாலும் முந்தியைக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒவ்வொருவர் கைக்கும் ஓர் அடி உண்டு. ஒருவர் பலமாக அடிப்பார், ஒருவர் தட்டுவார். நடுவில் வேறொருவர் உட்கார்ந்து நான்கு விரல் நெய்தால்கூட அந்த நான்கு விரல் தனியாகப் பட்டையடித்துத் தெரியும். அதனால் முந்தியை ஆரம்பித்தவர்தான் முடிப்பார். கை மாறக் கூடாது. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, அது பாட்டுக்கு எல்லோருக்கும் தெரியும்.

"நீயே நெய். ஆனா வசந்தா வந்து பேப்பர் எங்கன்னு கேட்டா?"

வசந்தா அவன் மனைவி. அன்று களம்பூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். போகும்போது, சாயங்காலம் வருகையில் ரிப்போர்ட் கையில் இருக்கணும், இல்லாவிட்டால் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒரு மாதமாகவே அவளுக்குப் பயம். மாடிப்படி ஏறினால் எத்திராஜுக்கு மூச்சு வாங்கியது. கோட்டை மைதானம் வரை நடந்தால் நடுவில் நின்று, செருப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொள்வான். ஒருநாள் அவன் செருப்பே போடாமல் குனிந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

எத்திராஜ் தறியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினான். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். சிரித்தான்.

"நீ போய்ப் படுத்துட்டு வந்துடேன்."

"நா எதுக்குடா படுக்கணும்?"

"எம் பேர்ல படு. உனக்கு இன்னா வேல கீது? சும்மா இங்க ஒக்காந்து வாய் பேசறதுக்கு அங்க போய் படுத்துக்கோ. ஃபேன் போட்டிருப்பான்."

"உன் நெஞ்சப் பாக்கறதுக்கு எந் நெஞ்சா?"

"எந் நெஞ்சு எங்கியும் ஓடிப் போவாது. அடுத்த கேம்ப்புக்கு நானே போறேன். இப்ப ஜல்தி கெளம்பு."

இதில் ஒரு குறும்பு இருந்தது. வாழ்நாள் முழுக்கக் குறும்பு என்றால் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அன்றும் கிளம்பினேன். வழியெல்லாம் எத்திராஜ் மாதிரி நடந்து பழகினேன், நெஞ்சைக் குழிய வைத்துக்கொண்டு. பேர் கேட்டார்கள், எத்திராஜ் என்றேன். வயது கேட்டார்கள், அவன் வயதைச் சொன்னேன். என்னைவிட இரண்டு வயது சிறியவன், அந்த வகையில் எனக்குக் கொஞ்சம் லாபம்.

டாக்டர் அந்த நீளக் காகிதத்தைக் கையில் ஓடவிட்டுப் பார்த்தார். "எத்திராஜ், உங்க ஹார்ட் நல்லாயிருக்கு. தொப்பையை மட்டும் குறைங்க" என்றார்.

என் உடம்பில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே உறுப்பு அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையும் இன்னொருவன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒண்ணா, ரெண்டா?

வசந்தாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. எத்திராஜின் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்தவர். அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அந்தச் சாவுக்கு அன்று எங்கள் தெருவில் பெயரே கிடையாது. காத்து அடிச்சிடுச்சு என்றார்கள். கண்ணு பட்டுடுச்சு என்றார்கள். வாசலில் பூசணிக்காய் கட்டியதோடு வைத்தியம் முடிந்தது.

இப்போது பெயர் இருக்கிறது. அட்டாக். பாலுக்குப் போகிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

முன்பெல்லாம் ஆரணியில் இரண்டு பேர் சந்தித்தால், "ரெண்டு தறியா, மூணு தறியா?" என்று விசாரித்துக்கொள்வார்கள். இப்போது டீக்கடையில் "ஸ்டென்ட் ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்கிறார்கள். மூன்று வைத்தவருக்கு பெஞ்சில் இடம் விடுகிறார்கள்.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய காலத்தில் நாங்கள் இருமியே செத்தோம். ஆனால் கால்கள் வேலை செய்தன. தறிக்கு மேலே டிசைன் அட்டை மாட்டும் பெட்டியை மிதித்து மிதித்துத்தான் தூக்க வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தபடியே போளூருக்கு நடந்து போய்த் திரும்பி வந்த மாதிரி. இப்போது பெட்டியைத் தூக்கச் சின்ன மோட்டார் வந்துவிட்டது. கால் சும்மா தொங்குகிறது. பாதிப் பேர் விசைத்தறிக்குப் போய்விட்டார்கள், அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தெருமுனைக் கடைக்கு வண்டி. வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்று கடையே இல்லை. சாயங்காலமானால் ஒரு தெருவுக்கு நான்கு தள்ளுவண்டி, சட்டியில் காலையிலிருந்து கொதிக்கிற அதே எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அண்டாவைத் திறக்கும் நேரத்தில் இந்த ஊரில் நோயாளி என்று யாருமே இல்லை. இதை எழுதுகிற யோக்கியன் முதல் ஆளாகத் தட்டோடு நின்றவன்தான்.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கிற பையன் எனக்குப் பழக்கம், அவனும் கம்ப்யூட்டர், நானும் கம்ப்யூட்டர். ஒருநாள் சொன்னான்: "முன்ன எல்லாம் வயசானவங்க போட்டோ, பழைய பாஸ்போர்ட் சைஸ்ல மங்கலா வரும், சரி பண்ணவே ஒரு மணி நேரம் ஆவும்ணே. இப்ப வர்றது எல்லாம் செல்போன்ல பைக் மேல சாஞ்சிகினு எடுத்தது. கிளியரா இக்குது. கூலிங் கிளாஸ கழட்டறதுதான் வேல."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் போட்டோக்காரர்களின் வயதைக் கணக்குப் போட்டேன்.

ஆனால் எங்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. குண்டாக இருப்பவனுக்குத்தான் இது வரும். ஆகவே ஊர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எத்திராஜுக்காக வசந்தாவைத் தவிர யாரும் பயப்படவில்லை.

எண்பத்து நான்கு கிலோ

ரிப்போர்ட்டைச் சாயங்காலம் அவளிடம் நான்தான் கொடுத்தேன். எத்திராஜ் தறியில் இருந்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

வசந்தா பத்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'நார்மல்' என்ற இடம் வந்ததும் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் புருவம் சுருங்கியது.

"இன்னாங்க, எண்பத்தி நாலு கிலோன்னு போட்டிருக்குது?"

நான் யோசிக்காமல் விட்ட ஒரே இடம்.

எத்திராஜ் நாடாவை நிறுத்தாமலே சொன்னான்: "மெஷினு பழசு. எனக்கு முன்னாடி தாமு ஏறி நின்னான், முள்ளு அப்பிடியே மாட்டிக்கிச்சு."

மூன்று பேரும் சிரித்தோம். வசந்தா சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போங்கண்ணா, உங்களால மெஷினும் போச்சு" என்றாள். அன்று இரவு அந்த வீட்டில் எனக்குக் கறிக்குழம்பு. அவனுக்கும்தான். ஒரு மாதமாக அவனுக்கு நிறுத்தி வைத்திருந்தாளாம்.

அதற்கப்புறம் அவள் அவனைத் தொந்தரவு செய்யவில்லை. மாடிக்குப் பாவு நூல் சுற்றிய கனமான உருளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனால் பின்னாலேயே வந்து பிடுங்குவாள், அதை விட்டுவிட்டாள். முந்திக்குக் குஞ்சம் கட்டுவது அவள் வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுப்பாள். அந்த வீட்டில் நிம்மதி இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவன் நான் என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் கர்வப்படலாம் என்பதற்கு ஒரு அளவு வேண்டுமானால் என்னை வைத்துக்கொள்ளலாம்.

இடது கை

நான்கு மாதம் போயிருக்கும். ஆடி கழிந்து முகூர்த்தம் நெருங்குகிற சமயம். மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் போனேன். எத்திராஜ் தறியை விட்டு இறங்கிச் சுவரில் சாய்ந்திருந்தான். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தான்.

"இன்னாடா?"

"கை வலிடா. இந்தக் கை." இடது கையைத் தூக்கினான். "தோள்லேர்ந்து சுண்டு விரல் வரைக்கும் இழுக்குது."

நெசவாளிக்கு வலது கை நாடாவை ஓட்டும் கயிற்றைச் சுண்டும், இடது கை பலகையை இழுத்து அடிக்கும். காலையிலிருந்து ராத்திரி வரை. எங்கள் ஊரில் இடது கை வலிக்காத நெசவாளி சோம்பேறி என்று பெயர். வேறு ஊரில் வேறு தொழில் செய்கிறவன் இடது கை வலிக்கிறது, வேர்க்கிறது என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் வண்டியை எடுப்பார்கள். நாங்கள் தைலத்தை எடுத்தோம்.

நானே தேய்த்துவிட்டேன். தோளில் எலும்புதான் இருந்தது. "உன்னத் தேய்க்கறதுக்கு ஒரு ஏணியத் தேய்க்கலாம்" என்றேன். அவன் சிரிக்கப் பார்த்தான். பாதிச் சிரிப்பில் பல்லைக் கடித்தான்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது.

"எத்தி, ஒரு எட்டு ஆஸ்பத்திரி போய் வந்துடலாமாடா?"

"எதுக்கு? அதான் ரிப்போர்ட் நார்மல்னு வந்துச்சே."

அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டிருந்தான். நான்கு மாதமாக வீட்டில் தினமும் ஒரு தரம் அந்தப் பேச்சு வந்து வந்து, அந்த ரிப்போர்ட் தன்னுடையதுதான் என்று அவனுக்கே ஆகிவிட்டிருந்தது.

"டேய், அது…" என்று ஆரம்பித்தேன்.

அடுப்படியிலிருந்து வசந்தா எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, கை வலியா அவருக்கு? ரெண்டு நாளா சொல்லிகினுதான் இருக்காரு. நெஞ்சு இன்னாவோன்னு நானும் பயந்தேன். அப்புறம் அந்தப் பேப்பர எடுத்துப் பாத்துக்கினேன்."

எத்திராஜ் என்னைப் பார்த்தான். கண்ணாலேயே, சொல்லாதே என்றான்.

ஒரே ஒரு வாக்கியம். 'அது என் ரிப்போர்ட் வசந்தா.' எழுதிப் பார்த்தால் நான்கே வார்த்தைகள். இந்த வாய் ஐம்பது வருஷமாக ஓயாமல் பேசிய வாய். கல்யாண வீட்டில் பேசும், சாவு வீட்டில் பேசும், மைக் இல்லாமலே பேசும். அன்றைக்கு நான்கு வார்த்தை வரவில்லை. அவள் திட்டுவாளே என்று இருந்தது. குட்டு வெளிப்படுமே என்று இருந்தது. சாயங்காலம் இவனைத் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று மனதுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன்.

"சோடா குடுமா. காத்தா இருக்கும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ரசம் ஊற்றிக்கொள்ளும்போது வசந்தாவிடமிருந்து போன் வந்தது.

"திட்டுவா"

ஊர் ஆஸ்பத்திரியில் அவன் சட்டையைக் கத்தரித்தார்கள். அதே மாதிரி குமிழ்கள், அதே மாதிரி கவ்விகள். அன்றுதான் முதன்முறையாக அவன் நெஞ்சில் வைக்கப்பட்டன.

டாக்டர் இளைஞர். காகிதத்தைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "இதுக்கு முன்னாடி எப்பவாவது எடுத்திருக்கீங்களா?"

"எடுத்தோம் சார்." வசந்தா இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அவசரத்திலும் அதை மறக்காமல் கொண்டுவந்திருந்தாள். "நாலு மாசம் முன்னாடி. எல்லாம் நார்மல்."

டாக்டர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஆச்சரியமா இருக்கு. இப்ப எடுத்ததுல பழைய அட்டாக் ஒண்ணு வந்து போன அடையாளம் தெரியுது. நாலு மாசத்துக்குள்ள வந்திருக்கும் போல. சரி, நேரமில்ல, வேலூர் எடுத்துட்டுப் போயிடுங்க."

நான் அந்த மேஜைக்கு எதிரே நின்றிருந்தேன். தறியில் நான்கு விரல் கை மாறினால் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். இங்கே ஆளே மாறியிருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆம்புலன்ஸில் வசந்தாவை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பின்னால் நானும், ஆக்சிஜன் பிடித்துக்கொண்டிருந்தவரும். எத்திராஜின் கை என் கையில் இருந்தது. என் உள்ளங்கையில் தைல வாசனை இன்னும் போகவில்லை. அவன் மூச்சுக்கவசத்தை விலக்கி ஏதோ சொன்னான். குனிந்தேன்.

"தாமு… அந்தப் பேப்பரு… வசந்தாகிட்ட சொல்லிடாதடா."

"சொல்லல. நீ பேசாத."

"திட்டுவா."

அவன் சிரிப்பது போல இருந்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பாதி வழியில் வரும் கண்ணமங்கலத்தைக்கூட அவன் உயிரோடு தாண்டவில்லை.

"பாருங்க, எல்லாம் நார்மல்"

சாவுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் வசந்தா அந்தக் காகிதத்தைக் காட்டினாள். "பாருங்க, நாலு மாசம் முன்னாடி எடுத்தது, எல்லாம் நார்மல். கண்ணு பட்டுடுச்சு." வாங்கிப் பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். என்னிடமும் ஒருவர் கொடுத்தார். என் இதயத்தை நானே பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு சௌகரியமான பொருள். இரண்டு வருஷம் அதை நான் போர்வையாகப் போர்த்திக்கொண்டேன். பண்டிகைக்குப் போவேன், விசாரிப்பேன், வந்துவிடுவேன். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஒரு ஜோக் அடித்து நகர்த்துவேன்.

சமீபத்தில் ஒருநாள் போனபோது, வசந்தா குஞ்சம் கட்டிக்கொண்டே மகனைப் பற்றிச் சொன்னாள். தினேஷ், ஒரே மகன். முப்பது ஆகிறது. செய்யாறு சிப்காட்டில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான்.

"போன வாரம் லைன்ல நிக்கும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்துச்சாம்ண்ணா. கம்பெனி நர்ஸம்மா, உங்க வீட்ல யாருக்காச்சும் ஹார்ட் பிரச்சன கீதான்னு கேட்டாங்களாம். கெடையாது, எங்கப்பா கண்ணு பட்டுத்தான் போனாரு, அவருக்கே எல்லாம் நார்மல்னு சொல்லிட்டு வந்துட்டானாம். செல்போன்ல அந்தப் பேப்பர படம் புடிச்சு வெச்சிகினு கீறான். அதையே காட்டினானாம்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். "அப்பா மாதிரியே. ஆஸ்பத்திரின்னா ஆவாது."

என் தட்டில் முறுக்கு இருந்தது. என் வரலாற்றில் முதல்முறையாக ஒரு முறுக்கை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தேன்.

நான்கு நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். எப்படி ஆரம்பித்தாலும் முதல் வரியில் ஒரு ஜோக் வந்து நின்றது. ஐந்தாம் நாள் காலை ஒத்திகை இல்லாமலே போனேன்.

"வசந்தா, அந்த ரிப்போர்ட் என்னோடது."

அவள் விரல்கள் நிற்கவில்லை. நூலைப் பிரித்தன, முறுக்கின, முடிச்சிட்டன. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேம்ப், முந்தி, மேஜை, தைலம், சோடா, ஆம்புலன்ஸ். சொல்லி முடித்தபோது ஒரு குஞ்சம் முடிந்திருந்தது. எழுந்து போய் பீரோவிலிருந்து அந்தக் கவரை எடுத்து வந்தாள். எடை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அந்த நாலு மாசம்," என்றாள், "நா நல்லா தூங்கினேன். அதுக்கு முன்ன ராத்திரில எழுந்து எழுந்து மூக்குல கை வெச்சுப் பாப்பேன், மூச்சு வருதான்னு. பேப்பர் வந்தப்புறம் விட்டுட்டேன். கறி போட்டேன். உருளைய தூக்கினாரு, பாத்துகினு இருந்தேன். எல்லாம் நா செஞ்சது."

"நீ இன்னா செஞ்ச? எல்லாம் நான்…"

"பேசாதீங்க."

அந்தப் பேப்பரைத் திரும்பக் கவருக்குள் செருகினாள்.

"அவரு சொன்னதுல நீங்க போய் படுத்தீங்க. அது வெளையாட்டு. சரி. அன்னிக்கு மத்தியானம் நா அடுப்படில நின்னுகினு சொன்னேனே, அப்ப வாயத் தொறந்திருக்கலாம் இல்ல? திட்டித்தான இருப்பேன்? திட்டிகினே ஆட்டோ கூப்ட்டிருப்பேன்."

அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நாளைக்கு தினேஷ வேலூர் கூட்டிகினு போறேன். நீங்களும் வரணும். அவங்கிட்ட நீங்களே சொல்லுங்க."

உள்ளே போனது யார்

பஸ்ஸில் சொன்னேன். தினேஷ் செல்போனை எடுத்து, அந்தப் படத்தைத் தேடி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் "மாமா, ஒரு ஜோக் சொல்லு" என்பான்.

ஆஸ்பத்திரியில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது வசந்தாவும் கூடவே கதவு வரை போனாள். உள்ளே விடவில்லை. கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். படுத்திருப்பது அவன்தானா என்று பார்த்தாள். எனக்குத் தெரியும். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இடத்தை விட்டு எழுந்திருக்க எனக்கு அன்று தைரியம் இல்லை.

அப்பா எப்படிப் போனார், தாத்தா எப்படிப் போனார் என்று டாக்டர் கேட்டாராம். தினேஷ் உண்மையைச் சொன்னான். மறுபடி இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் என்னையும் கூப்பிட்டார்கள், ஒவ்வொரு தடவையும் நான் தனி சீட்டில் போனேன். கடைசியில், இரண்டு குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, மாத்திரையோடு பார்த்துக்கொள்ளலாம், இப்போதாவது வந்தீர்களே என்றார்கள்.

'இப்போதாவது' என்ற அந்த ஒரு சொல்லில் வசந்தா உடைந்தாள். தாழ்வாரத்தில், போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தினேஷ் தோளைப் பிடித்துக்கொண்டான். நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அங்கே இடம் இல்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது வெயில் இன்னும் இருந்தது. தினேஷ் ஆட்டோ பிடிக்கப் போனான். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வசந்தா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள்.

"இதப் புக்குல எழுதுவீங்களா?"

"நீ வேணாம்னா எழுதல."

"எழுதுங்க. இடது கை வலின்னு தைலம் தேய்ச்சிகினு எவ்ளோ பேரு ஒக்காந்துகினு கீறாங்களோ."

"சரி."

"நீங்க எழுதறப்ப ஆளுங்க பேர மாத்திடுவீங்க இல்ல? படிச்சிருக்கேன்."

மாற்றுவது வழக்கம்தான். பல்செட் தொலைத்த மாமனாருக்குக்கூட வேறு பெயர்தான் கொடுத்தேன்.

"இந்த தபா மாத்தாதீங்க," என்றாள். ஆட்டோ வந்தது. மகனை முதலில் ஏற்றிவிட்டு ஏறினாள்.

மாற்றவில்லை. அவன் பெயர் எத்திராஜ்.